‘தவறிப் போச்சு’ என்பதை ஜப்பானியர் எப்படிச் சொன்னார்கள்? தீங்கு, தோல்வி, நழுவிய வாய்ப்பு குறிக்கும் வினைகளின் வரலாறு



ஒரு சின்னப் பயிற்சியோடு தொடங்குவோம். ‘பஸ் போயிடுச்சு’, ‘பஸ்ஸை விட்டுட்டேன்’, ‘பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டேன்’, ‘பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்’. நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடந்தது ஒன்றுதான். ஆனால் பழி யார்மேல் விழுகிறது என்று கவனியுங்கள். முதல் வாக்கியத்தில் குற்றம் பஸ்மேல். அது பாட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவதில் கொஞ்சம் என்மேல். மூன்றாவதில் முழுக்க என்மேல், கூடவே கேலியும் சேர்ந்துகொள்கிறது. நான்காவது இரவல் சொல், அதனால் வலி கொஞ்சம் குறைவு.

தோல்வியைச் சொல்லும் வினைகளில் இப்படி ஒரு மொழியின் குணம் தெரியும். இந்த வகையில் தமிழோடு வைத்துப் பேசத் தகுந்த மொழி ஜப்பானியம். துணைவினை பற்றிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இதில் எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு. 1942 முதல் 1945 வரை மூன்றாண்டு எட்டு மாதம் நம் நாட்டை ஆண்டவர்களின் மொழி இது. தோல்வியைச் சொல்ல இத்தனை சொல் வைத்திருந்த மொழியில், தோற்றுக்கொண்டிருந்த ஓர் அரசு எந்தச் சொற்களைப் பயன்படுத்தியது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம்.

முதலில் மிகப் பழைய காலம். செவ்வியல் ஜப்பானியத்தில் ஒரு செயல் முடிந்தே போனது என்று காட்ட இரண்டு துணைவினைகள் இருந்தன: ‘நு’, ‘ட்ஸு’. ‘இனு’ என்றால் அகன்று போதல்; அதிலிருந்து வந்தது ‘நு’. ‘உட்ஸு’ என்றால் எறிந்து விடுதல். அதிலிருந்து வந்தது ‘ட்ஸு’. இதுதான் இலக்கண நூல்கள் பொதுவாகத் தரும் விளக்கம். பூ உதிர்வது, பொழுது சாய்வது, ஆள் இறப்பது போலத் தானாக நடப்பவற்றோடு ‘நு’ பெரும்பாலும் சேரும். மனிதர் வேண்டுமென்று செய்பவற்றோடு ‘ட்ஸு’ சேரும்.

இப்போது நம் பேச்சைப் பாருங்கள். பால் ‘கெட்டுப் போச்சு’. கடிதத்தைக் ‘கிழிச்சு விட்டேன்’. ஒன்றில் ‘போ’, மற்றதில் ‘விடு’. ஒன்று அகன்று போகிறது, மற்றதைக் கைவிடுகிறோம். இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. வித்தியாசமும் உண்டு. நம் ‘விடு’ இன்று எல்லா வினையோடும் ஒட்டிக்கொள்கிறது. ‘பூ உதிர்ந்துவிட்டது’ என்றும் சொல்கிறோம். ஜப்பானிய ‘நு’வும் ‘ட்ஸு’வும் இடைக்காலத்தில் மெல்ல வழக்கொழிந்தன. பழம்பாடல்களிலும் பள்ளிக்கூட இலக்கணப் பாடத்திலும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கேயும் மாணவர்கள் அதை மனப்பாடம் பண்ணித்தான் தேர்வு எழுதுகிறார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல்.

காலியான இடத்துக்குப் புதிதாக ஒன்று வந்தது: ‘ஷிமாவு’. தனி வினையாக அதற்கு ‘முடி’, ‘எடுத்து உள்ளே வை’ என்று பொருள். குளிர்காலத் துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைப்பதும் ‘ஷிமாவு’தான். எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், இது வினையெச்சத்தோடு சேரும் துணைவினையாக நன்கு பரவியது. ‘வாசுரெதெ ஷிமத்தா’ என்றால் ‘மறந்துவிட்டேன்’. ‘வாசுரெதெ’ என்பது ‘மறந்து’. ‘ஷிமத்தா’ என்பது ‘விட்டேன்’ இருக்கும் இடத்தில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வரிசைகூட மாறவில்லை.

பொருளிலும் அதே இரட்டைத் தன்மை. ‘வீட்டுப்பாடத்தை முடிச்சுட்டேன்’ என்றால் நிம்மதி. ‘வீட்டுப்பாடத்தை மறந்துட்டேன்’ என்றால் வருத்தம். இரண்டுக்கும் ‘விடு’ ஒன்றே. ‘ஷிமாவு’வும் அப்படித்தான்: முடிந்தது என்றும் சொல்லும், ‘ஐயோ, இப்படி ஆயிடுச்சே’ என்றும் சொல்லும். எது என்பதை வாக்கியமும் குரலும் தீர்மானிக்கும்.

பேச்சில் இரண்டும் சுருங்கியதையும் கவனியுங்கள். ‘மறந்துவிட்டேன்’ நம் வாயில் ‘மறந்துட்டேன்’ ஆனது. ‘வாசுரெதெ ஷிமத்தா’ தோக்கியோ வாயில் ‘வாசுரெச்சத்தா’ ஆனது. நிகழ்கால வடிவம் ‘வாசுரெச்சாவு’ என்று முடியும். நம் காதுக்கு அது ‘சாவு’ என்று கேட்கும், பயப்பட வேண்டாம். இதைவிட அழகான ஒன்று: ‘ஷிமத்தா!’ என்பதைத் தனியாகவே, முதன்மை வினை எதுவும் இல்லாமல், ஜப்பானியர் சொல்வார்கள். கதவைப் பூட்டியபின் சாவி உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தால் வாயில் வருவது அதுதான். அந்த நேரத்தில் நாம் என்ன சொல்வோம்? ‘போச்சு!’

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இப்படி ஒற்றுமைகளைக் கேட்டதும் ‘அப்படின்னா ஜப்பானிய மொழி தமிழிலிருந்துதான் வந்தது’ என்று ஒருவர் கட்டாயம் கை தூக்குவார். இந்தக் கருத்துக்குப் பின்னால் ஓர் உண்மையான ஆய்வாளர் இருந்தார். கக்குஷுயின் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் தமிழையும் ஜப்பானியத்தையும் ஒப்பிட்டார். தமிழறிஞர் பொற்கோவும் யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி இணையரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். 2008இல் ஓனோ மறையும்வரை தம் கருத்தை விடவில்லை. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. காரணம் எளிது. துணைவினை ஒற்றுமை தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் மட்டும் உரியதல்ல. கொரிய மொழியில் ‘பொரிதா’ என்றால் எறிந்துவிடு. அதுவும் ‘மறந்துட்டேன்’ என்பதில் ‘விடு’ செய்யும் வேலையைச் செய்கிறது. இந்தியில் ‘டூட் கயா’ என்றால் உடைந்து போச்சு. ‘கயா’ என்றால் போனது. வினைமுற்று கடைசியில் வரும் மொழிகள் பலவற்றில் ‘போ’, ‘விடு’, ‘எறி’ போன்ற வினைகள் தேய்ந்து துணைவினையாகின்றன. எனவே கட்டுரையில் ‘ஒற்றுமை’ என்று எழுதுங்கள்; ‘உறவு’ என்று எழுதினால் சான்று கேட்பார்கள்.

அடுத்து, தோல்விக்கென்றே பிறந்த வினைகள். ஜப்பானியத்தில் இவை வினையோடு வினை சேர்ந்து கூட்டுவினையாகும்.

இவற்றில் மூத்தது ‘சொக்கொனாவு’. தனியாக நின்றால் ‘தீங்கு செய்’, ‘கெடு’ என்று பொருள்: உடல்நலத்தைக் கெடுத்துக்கொள்வது, அடுத்தவர் மனத்தைப் புண்படுத்துவது. இன்னொரு வினைக்குப் பின்னால் வந்தால் ‘செய்யத் தவறு’ என்றாகிவிடும். ‘நொரி’ என்பது ஏறுதல். ‘நொரி-சொக்கொனாவு’ என்றால் வண்டியைத் தவறவிடுதல். ‘கிக்கி’ என்பது கேட்டல். ‘கிக்கி-சொக்கொனாவு’ என்றால் காதில் சரியாக வாங்காமல் விடுதல். கெடுதல் எப்படித் தவறுதல் ஆனது என்பது புரியாத புதிர் இல்லை. ஒரு செயலைக் கெடுத்துவிட்டால் அது நடக்காமல் போகிறது. நம்மிடமும் ‘காரியம் கெட்டுது’ என்றால் காரியம் நடக்கவில்லை என்றுதானே பொருள்?

‘மி’ என்பது பார்த்தல். ‘மி-சொக்கொனாவு’ என்றால் ஒரு படத்தைப் பார்க்காமல் தவறவிடுவது. அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஓர் ஆளைத் தவறாக எடை போடுவது. நம்பியிருந்த நண்பன் காலை வாரிவிட்டால் அவன் முகத்துக்கு நேராக ‘மிசொக்கொனத்தா’ என்பார்கள். சொல்படி பார்த்தால் ‘நான் உன்னைச் சரியாகப் பார்க்கத் தவறிவிட்டேன்’. இலக்கணத்தில் குற்றம் சொல்பவர்மேல், குத்து கேட்பவனுக்கு. ‘உன்னைப் போய் நல்லவன்னு நெனச்சேன் பாரு’ என்று நாம் சொல்வதும் இதே உத்திதான்.

எழுத்து வரலாற்றுக்கு ஒரு குறிப்பு. இந்த வினை பழைய எழுத்துமுறையில் ‘சொக்கொனாஃபு’ என்பது போல எழுதப்பட்டது. வாய் எப்போதோ மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. 1946இல் அரசு கானா எழுத்துமுறையைச் சீர்திருத்திய பிறகுதான் சொல்வது போலவே எழுதும் வழக்கம் பள்ளிக்கு வந்தது.

இந்தச் சொல்லை எழுதச் சீன எழுத்து ஒன்றை இரவல் வாங்கினார்கள். அந்த எழுத்துக்குச் சீனத்தில் ‘குறைவு, நட்டம்’ என்று பொருள். ஜப்பானியர் வாயில் அதன் ஒலி ‘சொன்’. பிறகு அந்த ‘சொன்’ தானே ஒரு ஜப்பானியச் சொல்லாகி, ‘செய்’ என்னும் வினையோடு சேர்ந்து ‘சொன்ஸு’ என்றும் பின்னர் ‘சொன்ஜிரு’ என்றும் ஆனது. ஆக ஒரே எழுத்துக்கு இரண்டு வினை: ஒன்று வீட்டுப் பிள்ளை, மற்றது வந்த மாப்பிள்ளை. ‘மிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு நாம் ‘பண்ணு’ சேர்த்துக்கொண்டதும் இதே வழிதான். ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டில் மறுபடி அதே வேலையைச் செய்தார்கள். ‘மிஸ்’ என்ற அதே சொல்லுக்கு வினைவிகுதி ஒட்டி ‘மிசுரு’ என்றார்கள். அதற்குத் ‘தப்பு பண்ணு’ என்று பொருள்.

‘சொன்ஜிரு’ பெரும்பாலும் கைவேலையைக் கெடுப்பதைக் குறிக்கும். பதறினால் காரியம் கெடும் என்று சொல்லும் அவர்களுடைய பழமொழியில் வரும் வினை இதுதான். ‘காக்கி-சொன்ஜிரு’ என்றால் எழுதும்போது கெடுத்துவிடுவது. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளைக் கட்டுக்கட்டாக எழுதும் நாடு அது; பெயரை மாற்றி எழுதிக் கெடுத்த அட்டைகள் எல்லா வீட்டிலும் மிஞ்சும். அஞ்சலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் அதற்குப் புதிய அட்டை தருவார்கள். தொண்டு அமைப்புகள் கெட்ட அட்டைகளை நன்கொடையாக வாங்கி, அவற்றின் மதிப்பை ஏழை நாட்டுப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடுகின்றன. ‘காக்கிசொன்ஜி’ என்ற சொல்லை ஜப்பானியச் சிறுவர்கள் பலர் முதலில் படிப்பது பள்ளியில் வைத்திருக்கும் அந்தச் சேகரிப்புப் பெட்டியின் மேல்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சொபிரெரு’. இதில் முயற்சியும் இல்லை, தப்பும் இல்லை. தயங்கித் தயங்கி நேரம் கடந்துபோனதைச் சொல்லும் வினை இது. ‘ஈ-சொபிரெரு’ என்றால் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தும் சொல்லாமலே போவது. ‘நெ-சொபிரெரு’ என்றால் தூங்கும் நேரம் தப்பிப்போய்த் தூக்கம் வராமல் கிடப்பது. முந்தைய வினையோடு ஒப்பிடுங்கள். ‘ஈ-சொக்கொனாவு’ என்றால் சொல்லும்போது தடுமாறியிருக்கலாம், விட்டுப்போயிருக்கலாம். ‘ஈ-சொபிரெரு’ என்றால் வாயே திறக்கவில்லை. மருத்துவமனையில் கிடந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்து, நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று இருந்துவிட்டவருக்கு ஜப்பானியத்தில் ஒரே வினை போதும். தமிழில் நமக்கு முழு வாக்கியமே வேண்டியிருக்கிறது: ‘சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள…’

‘நொகாசு’ தப்பவிடுதல். ‘மி-நொகாசு’ கவனிக்காமல் விடுவதையும், பார்த்தும் பார்க்காதது போல ஒருவரை விட்டுவிடுவதையும் குறிக்கும். ‘ஒக்குரெரு’ பிந்துதல். ‘நிகெ-ஒக்குரெரு’ என்றால் தப்பியோடப் பிந்திவிடுதல். தீ, வெள்ளம், 2011 மார்ச் 11 ஆழிப்பேரலை போன்ற செய்திகளில் அடிக்கடி கேட்கும் வினை. தமிழ்ச் செய்தியில் ‘சிக்கிக்கொண்டனர்’ என்போம். அவர்கள் ‘பிந்திவிட்டனர்’ என்கிறார்கள்.

வினைச்சொல்லே வேண்டாம், விகுதியாலேயே தீங்கைச் சொல்லும் வழியும் ஒன்று உண்டு. ‘அமெ நி ஃபுராரெத்தா’. சொல்லுக்குச் சொல் ‘மழையால் பெய்யப்பட்டேன்’. நனைந்து தொலைத்தேன் என்று பொருள். செயப்படுபொருள் குன்றிய வினைக்கே செயப்பாட்டு வடிவம் தந்து, ‘அது நடந்ததால் பாதிக்கப்பட்டவன் நான்’ என்று காட்டுகிறார்கள். நம் இலக்கணப்படி ‘பெய்யப்பட்டேன்’ பிழை. ஆனால் நம் செயப்பாட்டு வினையின் ‘படு’ எது என்று யோசியுங்கள். ‘அடிபட்டான்’, ‘துன்பப்பட்டான்’, ‘பாடுபட்டான்’ என்பவற்றில் வரும் அதே ‘படு’. செயப்பாட்டு வினைக்குள் நாமும் வலியைத்தான் வைத்திருக்கிறோம்.

இனி வரலாற்று மாணவர்களுக்கு. இத்தனை நுணுக்கமாகத் தோல்வியைச் சொல்லத் தெரிந்த மொழியில், போர்க்கால அரசு அந்த வினைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கியது. 1943 பிப்ரவரியில் குவாடல்கனால் தீவிலிருந்து ஜப்பானியப் படை வெளியேறியது. பின்வாங்கல் என்று அறிவிக்கவில்லை. ‘தென்ஷின்’ என்றார்கள், வேறு திசையில் முன்னேறுதல். அதே ஆண்டு மே மாதம் அட்டு தீவில் இருந்த படை ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது. அதற்கு ‘கியொக்குசாய்’ என்று பெயர் வைத்தார்கள்: மணிக்கல் சிதறுவது போன்ற மறைவு. சீனப் பழநூலிலிருந்து எடுத்த அழகான சொல். கெட்டது, தவறியது, பிந்தியது என்ற எந்த வினைக்கும் அதில் இடமில்லை.

அதே 1943இல்தான், அக்டோபரில், சயாம்–பர்மா ரயில்பாதை முடிந்தது. 415 கிலோமீட்டர். நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. ஏட்டில் அவர்கள் ‘ரோமுஷா’, அதாவது வேலையாள். அந்தச் சொல்லில் எந்தத் தீங்கும் தெரியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘சப்பான்காரன் காலத்துல போனவங்க’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ‘போனவங்க’ என்ற அந்தப் ‘போ’வுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியும்.

தேர்வில் மாணவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் அடுத்தது. 1945 ஜூலை 26இல் நேச நாடுகள் போட்ஸ்டாம் அறிக்கையை வெளியிட்டு ஜப்பானைச் சரணடையச் சொல்லின. 28ஆம் தேதி பிரதமர் கந்தாரோ சுசுகி செய்தியாளரிடம் பேசியபோது ‘மொக்குசாட்ஸு’ என்ற சொல் வந்தது. ‘மொக்கு’ என்றால் மௌனம். ‘சாட்ஸு’ என்றால் கொல்லுதல். மௌனத்தால் கொல்வது, அதாவது கண்டுகொள்ளாமல் விடுவது. ‘இப்போதைக்குக் கருத்துச் சொல்வதற்கில்லை’ என்றும் இதைப் புரிந்துகொள்ளலாம், ‘அலட்சியமாகத் தள்ளுகிறோம்’ என்றும் புரிந்துகொள்ளலாம். ஜப்பானியச் செய்தி நிறுவனம் ஆங்கிலத்தில் ‘புறக்கணிக்கிறோம்’ என்று அனுப்பியது. மேலைநாட்டு ஏடுகள் ‘நிராகரித்தது’ என்று போட்டன. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா; 9 நாகசாகி.

‘ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்ததால் அணுகுண்டு விழுந்தது’ என்று பல நூல்கள் இந்தக் கதையை முடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. குண்டு போடுவதற்கான எழுத்துவழி ஆணை ஜூலை 25இலேயே அமெரிக்க விமானப்படைக்குப் போய்விட்டது. அறிக்கை வெளிவந்ததே அதற்கு மறுநாள். மேலும் சுசுகியின் அமைச்சரவைக்குள் சரணடையலாமா என்பதில் உடன்பாடே இல்லை. சோவியத் ஒன்றியம் சமரசம் பேசித் தரும் என்று காத்திருந்தார்கள். அந்தச் சோவியத்தே ஆகஸ்ட் 8இல் ஜப்பான்மீது போர் அறிவித்தது. ஆகவே ‘மொக்குசாட்ஸு’வைக் காரணம் என்று எழுதாதீர்கள். ஆனால் அது தவறவிட்ட வாய்ப்பா என்று கேட்டால், ஆம் என்பேன். மொழிபெயர்ப்பாளர் கெடுத்தார் என்பதைவிட, தெளிவாகச் சொல்ல வேண்டிய நேரத்தில் அமைச்சரவை தயங்கிக் கடத்தியது என்பதே பொருத்தம். ‘சொக்கொனாவு’ இல்லை, ‘சொபிரெரு’.

கடைசியாக மிகக் கனமான ஒரு கூட்டுவினை: ‘ஷினி-சொக்கொனாவு’. ‘ஷினி’ என்றால் சாதல், சாகத் தவறுதல். நம் பேச்சில் இறந்தவரைத் ‘தவறிட்டார்’ என்போம். இங்கே உயிரோடிருப்பதே தவறுதல். விபத்தில் தப்பியவர் சிரித்துக்கொண்டே சொல்லும் சாதாரணச் சொல்லாகவும் அது இருந்தது, கிழவர்களை ஏசும் வசையாகவும் இருந்தது. போர்க்காலத்தில் அதில் விஷம் ஏறியது. 1941 ஜனவரியில் தரைப்படை அமைச்சர் ஹிதெகி தோஜோ பெயரில் வந்த போர்முனை நன்னெறிக் கையேடு, சிறைப்படும் அவமானத்தோடு உயிர்வாழக் கூடாது என்று வீரர்களுக்குச் சொன்னது. இயந்திரக் கோளாறால் உயிரோடு திரும்பிய தற்கொலைப்படை விமானிகள் சிலரை ஃபுகுவோக்காவில் ஒரு விடுதியில் தனியே அடைத்து வைத்தார்கள். அவர்கள் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, சாகத் தவறியிருந்தார்கள்.

1972 ஜனவரி 24இல் குவாம் தீவின் காட்டில் ஷோயிச்சி யொக்கோய் என்ற படைவீரரை உள்ளூர்க்காரர்கள் பிடித்தார்கள். ஏறத்தாழ 28 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தவர். படையில் சேருமுன் தையற்காரர். காட்டில் மரப்பட்டை நாரை நெய்து உடுத்திக்கொண்டார். பிப்ரவரி 2இல் தோக்கியோ வந்து இறங்கியதும், வெட்கத்தோடுதான் உயிரோடு திரும்பியிருக்கிறேன் என்ற பொருளில் பேசினார். அவர் வாயில் ‘ஷினி-சொக்கொனாவு’ வரவில்லை. ‘இக்கி-நகராஎரு’ என்றார், வாழ்ந்து தொடர்தல். வெட்கம் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. அவருடைய அந்த ‘வெட்கத்தோடுதான்’ அந்த ஆண்டு ஜப்பான் முழுக்க வழக்குச் சொல்லாகப் பரவியது.

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று. ‘தவறு’ என்ற வினையைக் கொடுத்து, ‘கை தவறி’, ‘வாய் தவறி’, ‘தவறாமல்’, ‘தவறவிட்டேன்’, ‘தவறிட்டார்’ என்ற ஐந்தையும் வாக்கியத்தில் அமைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் பழி யார்மேல் விழுகிறது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்துக்கு மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.